ஆயில் குறையாத கார்

பெங்களூரின் பழைய விமான நிலையத்தில் எல்லோருடைய பெட்டியும் வந்தது. ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள்கூட வந்தது. என்னுடைய பெட்டி மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். "நாலைந்து நாளில் வந்துவிடும், எங்கேயும் போகாது" என்றார் அங்கிருந்த பெண். ஏற்கெனவே எங்கேயோ போய்விட்ட பெட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல அவருக்கு நல்ல துணிச்சல்.

அந்தப் பெட்டியில் என் உடுப்புகள் இருந்தன. காரில் சொருகினால் அதன் வரலாற்றையெல்லாம் கொட்டிவிடும் கருவி ஒன்றும் இருந்தது. உடுப்பைக் கடையில் வாங்கலாம். கருவியை வாங்க முடியாது. அதை நம்பித்தான் என்னை ஓசூருக்கு அனுப்பியிருந்தார்கள்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம். இருபது வருடமாக ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் கார் மெக்கானிக். கடைசி நாலு வருடமாக எனக்கு ஒரே ஒரு வேலைதான். புது டீசல் கார்களின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கார் தானாகவே குழாயைச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். அப்படி எரியாமல் அடைத்துக்கொண்டால் கார் மூச்சுத் திணறி நடக்கவே மறுக்கும். அந்த நேரத்தில் என்னிடம் வருவார்கள். எங்கள் ஊரில் அடைப்பு வருவது பெரும்பாலும் ஓய்வூதியம் எடுக்கும் கிழவர்களின் கார்களில். காலையில் ரொட்டிக் கடை, ஞாயிறு தேவாலயம், அதைத் தாண்டிக் கார் போகாது. சூடாவதற்குள் வீடு வந்துவிடும்.

இந்தியாவில் அப்போது இந்த வடிகட்டி தெருவுக்கு வரவில்லை. ஓசூரில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனி மூன்று கார்களில் அதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பட்டறைக்கு வடிகட்டி தருகிறவர்களுக்கும் அவர்களுக்கும் ஏதோ ஒப்பந்தம். இரண்டு கார்கள் வேறு வழிகளில் சமர்த்தாக ஓடின. மூன்றாவதில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடைப்பு. நாள் முழுக்க ஓடும் காருக்கு அது வரக் கூடாது. "உனக்குத் தமிழும் தெரியும், கரியும் தெரியும், நீ போ" என்றார் என் முதலாளி. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அத்திப்பள்ளி தாண்டி வாடகைக் காரில் ஓசூருக்குள் நுழைந்தபோது நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். தை மாதத்தில் ஓசூர் இப்படிக் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்தவன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் குரங்குக் குல்லா வாங்கிப் போட்டுக்கொண்டான் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். விற்றவர் என்னோடு தமிழில் பேசிக்கொண்டே இடது பக்கம் நின்றவரிடம் கன்னடத்தில் விலை சொன்னார், வலது பக்கம் நின்றவரைத் தெலுங்கில் திட்டினார். என் தமிழைக் கேட்டுவிட்டு, "சார் கேரளாவா?" என்றார். அந்தப் பயணத்தில் அதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆளுக்குப் பிறகு நான் ஆமாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாடு, தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஜமீலா அக்கா நடத்திய மெஸ்ஸில். சுற்றிலும் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருப்பதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு டம்ளரில் ரசம் கொண்டுவந்து வைத்தார். கறுப்பாக, மண்வாசனையோடு இருந்தது. "கொள்ளு ரசம் சார். இந்த மாசம் புதுக் கொள்ளு வருது. குடிங்க, சளி ஓடிரும்." குடித்தேன். சளி ஓடியது. கொள்ளைப் பற்றி அதற்கு மேல் அன்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் என்னை வரவேற்றவர் கோமதி. சோதனைக் கார்களுக்கு அவர்தான் பொறுப்பு. திருநெல்வேலிக்காரர், ஓசூருக்கு வந்து பத்து வருடமாகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

"பெட்டி வரலையாமே சார்? பரவாயில்ல, பெட்டி இல்லாமலே வேலை முடிஞ்சிரும். ஒங்க கையெழுத்துக்குத்தான் மேல எல்லாரும் காத்திருக்காவ."

எந்தக் கையெழுத்து என்று கேட்டேன். அவர் ஒரு கட்டுத் தாளை என் முன்னால் தள்ளினார். மூன்றாவது காரின் தினசரிக் குறிப்பு. எங்கே நின்றது, எத்தனை நிமிடம், ஏன் நின்றது என்று ஓட்டுநர் எழுத வேண்டும். ஏன் என்ற இடத்தில் அச்சடித்த நாலு காரணங்கள் இருந்தன: டீ, சாப்பாடு, பஞ்சர், போலீஸ். ஒன்றை வட்டமிட வேண்டும். எல்லா நாளும் டீ. ஒரு நாளில் மூன்று டீ, நாலு டீ, ஒவ்வொன்றும் இருபது நிமிடம், அரை மணி.

"இதுல பாதி எடத்துல டீக்கடையே கிடையாது. போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார் கோமதி. "மூணு காருக்கும் கந்தகம் கம்மியான டீசலை டிரம்முல வரவழைச்சுத்தான் ஊத்துதோம். இவன் வழியில நல்ல டீசலை எறக்கி வித்துட்டு, கண்ட டீசலை ஊத்திக்கிடுதான். அதான் அடைக்குது. இது திருட்டுத்தான்னு நீங்க எழுதிட்டா, அன்னைக்கே ஆளை அனுப்பிருவாவ. எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் இல்ல சார். ஆனா கணக்கு சரியா வருதுல்லா?"

சரியாகத்தான் வந்தது. மட்டமான டீசலில் கந்தகம் கூட, அது வடிகட்டியைக் கெடுக்கும். ஒரு திருடனைப் பிடிக்க அனுப்பப்பட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. கிழவர்களின் ரொட்டிக் கடைப் பயணங்களை விசாரித்துச் சலித்துப்போனவன் நான்.

திருடன் முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் முனிராஜ். நாற்பது வயது, ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் வீடு, வீட்டில் தெலுங்கு. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி மினுங்கியது. பழைய தீக்காயம்.

காரை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்து எனக்கு முதல் சந்தேகம் வந்தது. திருடுகிறவன் இப்படித் துடைக்க மாட்டான். மூடியைத் திறந்து ஆயில் அளவுக் கம்பியை உருவி எனக்குக் காட்டினார். முகத்தில் பெருமை.

"பாருங்க சார், இந்த வண்டி ஆயிலே குடிக்கறதில்ல. மத்த ரெண்டு வண்டியிலயும் மாசம் ஒரு வாட்டி ஊத்தறாங்க. இதுல போன மாசத்துக்கு இந்த மாசம் கொஞ்சம் ஏறியே இருக்குதுங்க."

கம்பியில் அளவுக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே நின்றது ஆயில். நான் விரலால் தொட்டு மூக்கில் வைத்தேன். டீசல் மணம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது பாதி விளங்கியது. கரியை எரிக்க நேரம் வரும்போது கார் தன் என்ஜினுக்குள் கொஞ்சம் கூடுதலாக டீசலை விடும். அந்தச் சூட்டில்தான் கரி எரிகிறது. இருபது நிமிடம் விடாமல் ஓடினால் வேலை முடிந்தது. நடுவில் என்ஜினை நிப்பாட்டினால் கரி அப்படியே கிடக்கும், எரியாத டீசல் வழிந்து ஆயிலில் கலக்கும். ஒருமுறை நிப்பாட்டினால் ஒன்றும் தெரியாது. ஆயில் ஒரு விரல் ஏற வேண்டுமென்றால் யாரோ விடாமல் நிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இது டீசல் திருட்டு இல்லை. ஆனால் இது என்ன? கோமதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு நானும் காரில் வருகிறேன் என்று முனிராஜிடம் மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் பனி விலகும் முன்பே கிளம்பினோம். சூளகிரியில் காலைச் சாப்பாடு. நான் இட்லியும் தேநீரும் சொன்னேன். முனிராஜ் களி உருண்டையும் கீரையும் சொன்னார். எனக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்து, மெல்லக் கூடாது, அப்படியே வழுக்கவிட்டு விழுங்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். நான் மென்றேன். மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் அதைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "பல்லுக்கு வேலை குடுத்தா வயித்துக்கு வேலை இல்லையாம்" என்று முனிராஜ் மொழிபெயர்த்தார்.

அவருக்கும் ஒரு தேநீர் வாங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

"நான் டீ குடிக்கறதில்லைங்க சார். சின்ன வயசுலேருந்தே ஆகாது. நெஞ்சு எரியும்."

ஒரு மாதத்தில் எழுபது எண்பது டீயை வட்டமிட்டிருந்த மனிதர் இதைச் சொன்னார். அவருக்கு வாங்கிய தேநீரையும் நானே குடித்தேன்.

நாற்கரச் சாலை அப்போது புதுசு. கிருஷ்ணகிரி நோக்கி வழுக்கிக்கொண்டு போனோம். கொஞ்ச தூரத்தில் காரின் சத்தம் லேசாகக் கனத்தது. அடியிலிருந்து சூடான இரும்பு வாசனை மெல்ல வந்தது. எனக்கு அது பழகிய வாசனை. எரிக்கத் தொடங்கிவிட்டது. நல்லது, இன்னும் இருபது நிமிடம் இப்படியே போனால் போதும் என்று நினைத்தேன். முனிராஜ் இடது பக்கம் ஒதுக்கி, என்ஜினை நிப்பாட்டிச் சாவியை உருவிவிட்டார்.

"இறங்கிக்கங்க சார்."

டிக்கியிலிருந்து நுனி வளைத்த நீளமான கம்பி ஒன்றை எடுத்தார். தரையில் குப்புறப் படுத்துக் காரின் அடியில் விட்டுக் கிளறினார். காய்ந்த கொடிகள் கொத்தாக வந்தன. இன்னொரு கொத்து. கைப்பிடி அளவு வந்ததும் வீதியோரத்தில் போட்டுக் காலால் மிதித்தார். பிறகு மைல்கல்லில் உட்கார்ந்து தாளை எடுத்து டீயை வட்டமிட்டார்.

"இது என்ன?" என்றேன்.

"கொள்ளுச் செடிங்க சார். நேத்து சுத்துனது."

சொல்வதைவிடக் காட்டுவதே நல்லது என்று, இருபது நிமிடத்தில் அடி ஆறியதும் காரை எடுத்தார். கிருஷ்ணகிரி தாண்டி ஊத்தங்கரைப் பக்கம் திரும்பிக் கல்லாவி போகும் வழியில் எனக்குக் கண் விரிந்தது. வீதி இருக்கவில்லை. வீதி முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த செடி விரித்துக் கிடந்தது. பெண்கள் முறத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து ஏறிப் போனது, லாரி ஏறிப் போனது. ஒவ்வொரு வண்டி போனதும் அவர்கள் எழுந்து செடியைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அவர்களுக்குக் கதிரடித்துக் கொடுத்தன. ஜெர்மனியில் வீதியில் ஒரு சாக்கு விரித்தாலே காவல்துறை வந்துவிடும். எனக்கு இது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. இறங்கி நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு பெண் எனக்கு ஒரு கை கொள்ளு தந்தார். இரண்டு நாளைக்கு முன்பு நான் குடித்த ரசம் இப்படித்தான் பேருந்துச் சக்கரத்துக்கு அடியில் கிடந்து வந்திருக்கிறது.

முனிராஜ் மட்டும் வேடிக்கை பார்க்கவில்லை. குனிந்து காரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் சொன்னார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி நான் வேன் ஓட்டிக்கிட்டிருந்தங்க சார். இதே ரோடு, இதே மாசம். உள்ள கல்யாண சனம் இருபது பேரு. கொள்ளுக் கொடி சைலன்சர்ல சுத்திக்கிச்சு. மொதல்ல வாசனைதான் வந்துச்சு, நான் கண்டுக்கல. அப்பறம் பொக வந்துச்சு. எல்லாரையும் எறக்கி முடிக்கறதுக்கும் சீட்டுல நெருப்புப் புடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் இந்தக் கை." இடது கையைத் தூக்கிக் காட்டினார். "அந்த வாசனை வந்தா அதுக்கு மேல என்னால ஓட்ட முடியாதுங்க சார். இந்த வண்டியில அது வந்துக்கிட்டே இருக்குது."

"இதைக் கம்பெனியில சொல்லேல்லையோ?"

"வண்டி சூடாவுதுன்னு ஒரு வாட்டி சொன்னங்க. அது அப்பிடித்தான், ஓட்டுன்னாங்க. அதுக்கு மேல சொன்னா பயந்தாங்கொள்ளின்னு பேராயிடும். பயந்தவனுக்கு எந்தக் கம்பெனியில சார் சாவி குடுப்பாங்க? வேன் எரிஞ்சப்பறம் ரெண்டு வருசம் எனக்கு யாரும் சாவி குடுக்கல."

திருட்டு இல்லை, சோம்பல் இல்லை. ஆனாலும் நான் அப்போது நினைத்ததை மறைக்காமல் எழுத வேண்டும். பாவம், பழைய பயத்தில் தேவையில்லாமல் நிப்பாட்டுகிறார் என்றே நினைத்தேன். இந்தக் கார் புதுசு, சூட்டைத் தடுக்கத் தகடு போட்டிருக்கிறது, இதில் ஒன்றும் பற்றாது. இதை அவருக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டால் பயமும் போகும், அடைப்பும் போகும். நான் நிபுணன் அல்லவா!

நாலாம் நாள் என் திட்டம் நேரானது. காலையில் அடியைச் சுத்தம் செய்துவிட்டு நாற்கரச் சாலையில் எரிப்பை முடித்துக்கொள்வது. ஆனால் சூளகிரிக்குக் கிட்டே தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வீதி முழுக்கத் தக்காளி. ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். ஊர்ந்து போகும் காரில் எரிப்பு தொடங்காது, அதற்கு வேகம் வேண்டும். அதற்குப் பிறகும் அது வரவில்லை. ஊத்தங்கரை வீதியில் திரும்பிக் கொஞ்ச நேரத்தில், வரக் கூடாத இடத்தில், அந்த இரும்பு வாசனை வந்தது.

முனிராஜின் கை சாவிக்குப் போனது.

"நிப்பாட்டாதேங்கோ" என்றேன். "இருபது நிமிசம். ஒண்டும் நடக்காது."

"சார், திரும்பி மெயின் ரோட்டுக்கே போயிடலாங்க. அங்க எவ்வளவு நேரம் வேணா ஓட்டறன்."

"அங்க போறதுக்குள்ள எரிப்பு நிண்டுபோம். பயப்பிடாதேங்கோ முனிராஜ், நான் இருக்கிறன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நிமிடம். முதல் விரிப்பில் ஏறினோம், செடி அடியில் சரசரவென்று உரசியது. பத்து நிமிடம். இரண்டாவது விரிப்பு. "பாத்தீங்களோ?" என்று நான் திரும்பிச் சொன்னபோது அவர் நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் என் மூக்குக்கே தெரிந்தது. அது இரும்பு வாசனை இல்லை, வைக்கோல் எரியும் வாசனை.

அவர் விரிப்பைத் தாண்டிக் காரை வெறும் தாரில் கொண்டுபோய் நிப்பாட்டி, என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுக்காவிட்டால் நான் உட்கார்ந்தேதான் இருந்திருப்பேன். அடியில் புகை, புகைக்குள் மஞ்சளாக ஒரு நாக்கு. அவர் கம்பியோடு படுத்துவிட்டார். முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "மண்ண வாரிப் போடுங்கடி! தண்ணிக் கொடத்த எடு!" என்று ஒருவர் கத்தினார். எரிகிற கொத்தை முனிராஜ் வெளியே இழுத்துப் போட, ஒரு குடம் தண்ணீர் கொத்தின் மேலும், இன்னொன்று தவறி என் மேலும் விழுந்தன. அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு உருகியிருந்தது, ஒரு மின்கம்பி கருகியிருந்தது. ஐம்பது அடிக்கு முன்பே, விரிப்பின் மேலேயே நிப்பாட்டியிருந்தால் ஊரின் கொள்ளு முழுக்க எரிந்திருக்கும்.

கத்திய பெண் தெலுங்குக்கு மாறி என்னை வெளுத்து வாங்கினார். என் குல்லாவைக் காட்டித் திட்டினார் என்பது மட்டும் விளங்கியது. முனிராஜ் மெதுவாக ஏதோ சொன்னார், அவர் அடங்கிப் போய்விட்டார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"அவரு மேல தப்பில்ல, ஊருக்குப் புதுசுன்னு சொன்னங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருடமாக அந்த வீதியில் ஓட்டுகிற மனிதரிடம், நான் இருக்கிறேன் பயப்படாதே என்று சொன்னவன் நான். கார் ஆறும்வரை அரை மணிக்கு மேல் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்தக் கார் முக்கி முனகி எங்களை ஓசூர் சேர்த்தது. வழியில் அவர் ஒரு யோசனை மட்டும் சொன்னார்.

"சார், அது நெனச்ச நேரத்துல எரியாம, நாம சொல்றப்ப எரியற மாதிரி ஒரு சுவிட்ச் வைக்க முடியாதுங்களா? மெயின் ரோட்டுல போறப்பவே நானே போட்டு முடிச்சிருவன்."

ஐந்தாம் நாள் காலை கோமதியின் அறைக்குள் நுழைந்தபோது, அவர் முந்திய நாள் தாளைக் கையில் வைத்திருந்தார். காரின் அடியை இன்னும் யாரும் பார்த்திருக்கவில்லை.

"நீங்க கூட இருக்கும்போதே இந்த ஆட்டம் ஆடுதான் பாருங்க சார். கல்லாவி ரோட்டுல நாப்பது நிமிஷம் டீ. அங்கன எந்தக் கடையில குடிச்சிய?"

தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பது நிமிடம். டீ. வட்டம் நிதானமாக, சுத்தமாகப் போடப்பட்டிருந்தது. கார் எரியப் பார்த்த இடம் அது. என் பிடிவாதத்தால் நடந்ததை அவர் தன் கணக்கில் ஒரு டீயாக எழுதி முடித்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் பெயர் கெடாது, முனிராஜின் வேலை போகும், கோமதியின் கணக்கு சரியாக வரும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் பேசாமல் இருந்தேன். அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வேன், தீக்காயம், கொள்ளு, கம்பி, என் பன்னிரண்டு நிமிட நிபுணத்துவம், எல்லாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் உருகிய தகட்டைக் காட்டினேன். கோமதி காரின் அடியில் குனிந்தவர் நிமிர நேரமெடுத்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல அவன்?"

"உங்கட தாளில அதுக்கு இடமில்லை" என்றேன். "டீ, சாப்பாடு, பஞ்சர், போலீஸ். அவர் எதை வட்டமிடுறது?"

கோமதி நேரே தன் அறைக்கு நடந்தார். மேசையிலிருந்து நிரப்பாத குறிப்புத் தாள் ஒன்றை எடுத்து, போலீஸுக்குக் கீழே 'வேறு' என்று எழுதி, பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

அன்று பின்னேரம் என் பெட்டி வந்து சேர்ந்தது. ஆசைக்காகக் கருவியைக் காரில் சொருகினேன். ஒரு மாதத்தில் எரிப்பு தொடங்கிய தடவைகள் எழுபத்தெட்டு. முடிந்தது ஒன்றுமில்லை. காரணம்: ஓட்டுநர் என்ஜினை நிப்பாட்டினார். அது பொய் சொல்லவில்லை. பெட்டி முதல் நாளே வந்திருந்தால் நான் பத்து நிமிடத்தில் இதைப் பார்த்து, ஓட்டுநரே காரணம் என்று கையெழுத்துப் போட்டு, மீதி நாட்களில் மைசூர் சுற்றிப் பார்த்திருப்பேன். பெட்டியைத் தொலைத்த விமானக் கம்பெனியை அன்றுதான் முதல் தடவையாக மன்னித்தேன்.

அறிக்கையில் முனிராஜின் சுவிட்சை அவர் பெயரோடு எழுதினேன். கார் சேதத்துக்குப் பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். என் முதலாளி அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டவரும் முனிராஜ்தான். சாவி அவரிடமே இருந்தது. அத்திப்பள்ளியில் காரை ஓரங்கட்டினார். நான் மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

"இறங்குங்க சார். டீ குடிச்சிட்டுப் போலாம்."

எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு மோர். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு காருக்குப் போய்ப் புதுத் தாளை எடுத்து டீயை வட்டமிட்டார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எட்டு நிமிடம். கீழே கோமதி இழுத்த கோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தார்:

'சார் மட்டும் குடித்தார்.'